ஓர் எழுத்துத் திருத்தம்: கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் அக்கரைப்பற்றில் உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்பிக்கின்றேன். நிரலாக்கம் பற்றிய கேள்வி பதில்களுக்கான ஸ்டாக் ஓவர்புளோ தளத்தில் 2000 புள்ளிகளைக் கடந்ததால், பிறர் பரிந்துரைக்கும் திருத்தங்களை ஏற்கவும் நிராகரிக்கவும் எனக்கு உரிமை கிடைத்திருக்கின்றது. வருபவற்றுட் பல, ஓரிரு எழுத்துப்பிழைகள், காற்புள்ளிகள் என்ற அளவிலான சில்லறைத் திருத்தங்கள். ஏற்றுக்கொண்டால் புள்ளிக்காகச் செய்யும் வேலைக்குத் துணைபோனது போலாகின்றது. நிராகரித்தால் ஆர்வத்தோடு வந்த ஒரு பிள்ளையின் மனம் நோகின்றது. என் மாணவர்களும் இப்படித் திருத்துபவர்கள்தாம். அத்தோடு, என் மாணவி ஒருத்தி தன் கேள்வியில் எழுதிய வணக்கத்தையும் நன்றியையும் யாரோ வெட்டியிருந்தார். மரியாதையை வெட்டுவதும் திருத்தமா? இவற்றை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது?

வாசகர், அக்கரைப்பற்று

அன்புள்ள ஆசிரியருக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். எழுத்துக்களை எண்ணுவது அளவுகோலாகாது என்பதே என் எண்ணம். 'மிகச் சிறியது' என்பதை நிராகரிப்புக்கான காரணங்களுள் ஒன்றாக வைத்திருந்த அத்தளம், பின்னர் அதை நீக்கிவிட்டு, 'எவ்வித மேம்பாடும் இல்லை' என்ற பொருளில் வேறொரு காரணத்தைச் சேர்த்தது. நாளை தேடுபொறி வழியாக அப்பக்கத்துக்கு வந்துசேரும் முன்பின் தெரியாத ஒருவருக்கு இத்திருத்தத்தால் ஏதாவது இலகுவாகின்றதா என்பதை மட்டும் பாருங்கள்.

நம் பிள்ளைகள் பிரித்தானிய முறையில் ஆங்கிலம் படித்தவர்கள். நிறத்தைக் குறிக்கும் 'கலர்' என்ற சொல்லில் 'யூ' எழுத்தைச் சேர்த்தே எழுதுவார்கள். அந்த ஓர் எழுத்தை நீக்கும் திருத்தம் உங்கள் முன் வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். அது விளக்க வசனம் ஒன்றில் இருந்தால், அமெரிக்க வழக்குக்கு மாற்றியதால் எவருக்கும் எதுவும் கூடுதலாக விளங்கப்போவதில்லை, தயங்காமல் நிராகரிக்கலாம். ஒரு விடையில் தரப்பட்ட, இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். நிரலுக்குள் அதே எழுத்து இருந்தால் கதை வேறு. அங்கே 'யூ' இல்லாத அமெரிக்க வடிவமே செல்லும் என்பதால், உலாவி அவ்வரியைப் பொருட்படுத்தாமல் தாண்டிச் சென்றுவிடும். பக்கத்தில் பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. விடையைப் பிரதிசெய்து ஒட்டிய ஒவ்வொருவரும் எழுத்தின் நிறம் ஏன் மாறவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அங்கே அந்தத் திருத்தம் பொன்னானது. ஆனால் அதே எழுத்து ஒரு கேள்வியின் நிரலுக்குள் இருக்குமானால், கேட்டவரைத் திணறடிக்கும் கோளாறே அதுவாக இருக்கலாம். அதை யாரேனும் நல்லெண்ணத்தோடு திருத்திவிட்டால், 'நிறம் ஏன் மாறவில்லை' என்ற கேள்வி சரியான நிரலோடு நிற்கும். விடை சொல்ல வருபவர் அதை இயக்கிப் பார்த்துவிட்டு, 'எனக்கு வேலை செய்கின்றதே' என்று எழுதிவிட்டுப் போவார். கேள்வியிலுள்ள நிரலின் உள்ளடக்கத்தில் கைவைக்கும் திருத்தம் எவ்வளவு சிறிதாயினும் நிராகரிக்கத்தக்கதே. பைத்தன் என்ற நிரல்மொழியில் வரியின் தொடக்க இடைவெளிகூட இலக்கணம் என்பதால், அழகுக்காக அதை ஒழுங்குபடுத்துவதும் இதில் அடங்கும்.

பரிந்துரைக்கப்படும் திருத்தம் குறைந்தது 6 எழுத்துக்களையாவது மாற்ற வேண்டும் என்ற விதி இங்கே இடைஞ்சலாகின்றது. வசனங்களுக்கு அவ்விதி நியாயமானது; 'வந்தது வந்தீர், மற்றப் பிழைகளையும் பார்த்துவிட்டுப் போங்கள்' என்பதே அதன் நோக்கம். நிரலுக்கு அது பொருந்தாது என்பேன். அந்த 'யூ'வை மட்டும் நீக்க வந்த மாணவர் வேறொரு வசனத்தையும் செப்பனிட்டால்தான் உள்ளே நுழைய முடியும். அப்படி நிரப்பியது உண்மையான செப்பமா, வெறும் ஒப்பேற்றலா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

புள்ளி ஆசையைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். ஏற்கப்படும் திருத்தம் ஒன்றுக்கு 2 புள்ளிகள். இவ்வழியில் ஒருவர் பெறக்கூடிய உச்சம் 1000. நீங்கள் இருக்கும் 2000 என்ற படிக்குத் திருத்தங்களால் மட்டும் ஒருவரும் ஏறி வர முடியாது. புலமைப்பரிசில் பரீட்சை தொடக்கம் புள்ளிக்காகவே ஓடப் பழக்கிய பிள்ளைகளிடம் இங்கு மட்டும் துறவை எதிர்பார்ப்பதும் அவ்வளவு நியாயமில்லை.

உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கின்றது. ஒரு பதிவுக்கு ஒரு திருத்தம் பரிசீலனையில் இருக்கும்வரை இன்னொருவர் அதற்குத் திருத்தம் பரிந்துரைக்க முடியாது. ஏற்கப்பட்டதும் பழைய கேள்வி மீண்டும் பட்டியலின் மேலே வந்துவிடும். தலைப்பே விளங்காமல், நிரல் வசனத்தோடு குழம்பிக் கிடக்கும் பதிவில் சில காற்புள்ளிகளை மட்டும் சரிசெய்பவர், முழுவதையும் சீராக்கக்கூடிய ஒருவருடைய இடத்தைப் பிடித்துவைத்திருக்கின்றார். அத்தகைய வேளைகளில் ஏற்பதற்கும் நிராகரிப்பதற்கும் இடைப்பட்ட 'மேம்படுத்து' என்ற தெரிவையே நான் நாடுவேன். அவர் செய்தது நிற்கும். விட்டதை நாம் செய்துவிடலாம். அதற்கு நேரமில்லாத நாளில் தவிர்த்துவிட்டு அடுத்ததற்குப் போவதில் குற்றமில்லை.

உங்கள் மாணவியின் வணக்கத்துக்கு வருகின்றேன். நம் ஊரில் சலாமோ வணக்கமோ சொல்லாமல் உதவி கேட்பது முறைகேடு. அவரது மனத்தாங்கல் எனக்கு விளங்குகின்றது. ஆயினும் அப்பக்கம் கடிதமன்று. கேள்விப் பட்டியலில் முதற்சில வரிகளே காட்டப்படுகின்றன. அவ்விடத்தை வணக்கம் பிடித்துக்கொண்டால், சிக்கல் என்னவென்று தெரியாமலே பலர் கடந்துபோவார்கள். நன்றியைக் காட்ட, உதவிய விடையை ஏற்றுக்கொண்டதாகக் குறிக்கும் வசதி உண்டு. அதனால் விடையளித்தவருக்கு 15 புள்ளிகளும் கிடைக்கும். வணக்கத்தை நீக்கியது சரியான திருத்தமே. வேறு குறைகளை விட்டுவிட்டு அதை மட்டும் நீக்கியிருந்தால் அரைகுறை வேலை.

உங்கள் மாணவர்களின் திருத்தங்களே உங்கள் முன் வந்தால் தவிர்த்துவிடுங்கள், வேறொருவர் தீர்ப்பளிக்கட்டும். மாறாக, கணினிக்கூடத்தில் ஒரு நாள் பழைய, சீரற்ற பதிவு ஒன்றை எல்லோருக்கும் காட்டி, தலைப்பு, நிரல் அமைப்பு, எழுத்துப்பிழை அனைத்தையும் ஒரே திருத்தத்தில் முடிக்கச் சொல்லலாம். திருத்தக் குறிப்புக்கான கட்டத்தையும் வெறுமையாக விடாமல், எதை ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதப் பழக்குங்கள். மதிப்பிடுபவர் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.