அம்மாவுக்கு யார் கையெழுத்து வைப்பது?

வணக்கம். நாங்கள் மூன்று பிள்ளைகள், மூவரும் ரொறன்ரோப் பக்கம்தான். அப்பா தவறிய பிறகு அம்மா சாவகச்சேரியில் தனியே இருக்கிறார். அவரை நிரந்தரமாகக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்யத் தம்பிக்கு அரசிடமிருந்து அழைப்பு வந்திருக்கிறது. செலவை மூன்றாகப் பிரிப்பதாகப் பேசியிருக்கிறோம். அப்படியானால் மூவரும் சேர்ந்தே கையெழுத்து வைக்கலாமா? தம்பி மனைவி இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறாள்.
– ஒரு வாசகி, ஏஜக்ஸ்

அன்புள்ள சகோதரி,

முடியாது. கனடாவில் தம்பியோடு சேர்ந்து கையெழுத்து வைக்க அவர் மனைவிக்கு மட்டும்தான் இடமுண்டு. ஸ்பொன்சர் செய்பவர் காட்டவேண்டிய வருமானத்தில், உங்கள் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் கணக்கில் வராது. அமெரிக்காவில் வருமானம் போதாவிட்டால் வேறொருவரும் பொறுப்பேற்கலாம். அங்குள்ள சொந்தக்காரர் யாரோ சொல்லித்தான் உங்களுக்கு இந்த யோசனை வந்திருக்கும் போல.

தம்பி மனைவி எழுந்து போவதில் நியாயம் இருக்கிறது. கியூபெக்கைத் தவிர மற்ற இடங்களில் இது 20 வருடப் பொறுப்பு. அதற்குள் அம்மா வெல்ஃபெயர் (அரசு உதவிப்பணம்) எடுக்க நேர்ந்தால், கையெழுத்து வைத்த இருவரிடமும் அரசு அந்தக் காசைத் திருப்பிக் கேட்கும். அம்மா கனடியப் பிரஜை ஆனாலும் சரி, தம்பியும் அவளும் பிரிந்தாலும் சரி, பொறுப்பு விலகாது. அப்புறம், நாளைக்கு அவள் தன் தாயைக் கூப்பிட நினைத்தால் அவள் குடும்பக் கணக்கில் உங்கள் அம்மாவும் ஒரு தலையாகச் சேர்ந்து, காட்டவேண்டிய வருமானம் கூடும். இதையெல்லாம் யாராவது அவளோடு உட்கார்ந்து பேசினீர்களா?

மூன்று பேரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தை அரசு பார்க்காது. ஆனாலும் எழுதுங்கள். அம்மா தம்பி வீட்டில்தான் இருப்பார் என்றால் அவர்களிடம் மூன்றில் ஒரு பங்கு காசு கேட்பது அநியாயம். சமைப்பதும் டொக்டரிடம் கூட்டிப்போவதும் அவர்கள் தலையில்தான் விழும். நீங்களும் மற்றவரும் மாதாமாதம் அம்மாவின் பெயரில் உள்ள கணக்குக்கே காசு போடுங்கள். 10 வருடம் இங்கே வசித்த பிறகுதான் முதியோர் பென்ஷன். அதுவரை கோயிலுக்குப் போக பஸ் காசுக்கும் அவர் மருமகளிடம் கை நீட்டவேண்டி வரக்கூடாது.

இன்னொரு வழி, பெற்றோர் வந்து தங்கிப்போக எடுக்கும் சுப்பர் விசா. ஒரு தடவை வந்தால் 5 வருடம்வரை தங்கலாம், 20 வருடக் கையெழுத்து இல்லை. மருத்துவக் காப்புறுதி மட்டும் குறைந்தது ஒரு லட்சம் டொலருக்கு எடுக்கவேண்டும். அந்தக் கட்டணத்தைத் தாராளமாக மூன்றாகப் பிரிக்கலாம். அம்மாவுக்கு எது விருப்பம் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முதலில் சாவகச்சேரிக்கு ஒரு கோல் எடுங்கள். அழைப்பில் சொன்ன கெடுவுக்குள் முடிவெடுக்க வேண்டும், ஆனால் தம்பி மனைவி இல்லாத கூட்டத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள்.