போனில் தளம் கோணாமல் தெரிய: கேள்வி பதில்

குன்னூர்: அக்கா, எங்கள் ஹோம்ஸ்டே தளம் போனில் எறும்பு எழுத்தாகத் தெரிகிறது. 600 பிக்சலுக்குக் கீழ் என்று மீடியா குவெரி (திரை அகலத்தைப் பார்த்து மாறும் விதி) எழுதியும் பலன் இல்லை.

பதில்: பக்கத்தின் ஹெட் பகுதியில் வியூபோர்ட் மெட்டா டேக் (பக்கத்தை எந்த அகலத்தில் வரைய வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் வரி) இருக்கிறதா, பாருங்கள். இல்லாவிட்டால் போன் பிரவுசர் பொதுவாக 980 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டு பக்கத்தை வரைந்து, பிறகு மொத்தமாகச் சுருக்கிவிடும். 600-க்குக் கீழ் என்று நீங்கள் எழுதிய விதி 980-இல் எப்படி இயங்கும்? அந்த டேக்கில் அகலத்துக்கு டிவைஸ்-விட்த் (போனின் சொந்த அகலம்), தொடக்க அளவுக்கு 1, இவ்வளவு போதும். விரலால் விரித்துப் பெரிதாக்குவதை மட்டும் தடுக்காதீர்கள். பார்வை மங்கியவர்கள் அப்படித்தான் வாடகையைப் படிப்பார்கள்.

கொடைக்கானல்: அறைப் படங்கள் திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. திறக்கவும் நேரமாகிறது.

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. நீட்டலுக்குப் படத்தின் மேக்ஸ்-விட்த் (அதிகபட்ச அகலம்) 100%, ஹைட் (உயரம்) ஆட்டோ. ஆனால் அது தோற்றத்தைத்தான் குறைக்கும்; 4000 பிக்சல் படம் முழுசாகத்தான் இறங்கும். வத்தலக்குண்டு தாண்டி மலையேறுகிறவருக்கு சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். ஒவ்வொரு படத்தையும் 480, 960, 1600 பிக்சல் அகலங்களில் சேமித்து, பிரவுசர் ஏற்றதைத் தேர்ந்துகொள்ளும் பட்டியலான எஸ்ஆர்சி-செட்டில் கொடுங்கள். படம் திரையில் எவ்வளவு அகலம் என்று சொல்லும் சைஸஸ் எழுத மறந்தால், படம் திரை அகலம் முழுக்க வரும் என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும். சின்ன கார்டுக்கும் (ஓர் அறையின் விவரப் பெட்டி) பெரிய கோப்பு இறங்கும். இமேஜ் டேக்கில் அகல, உயர எண்கள் கட்டாயம் இருக்கட்டும். அவற்றை வைத்துத்தான் பிரவுசர் முன்கூட்டியே இடம் ஒதுக்குகிறது. இல்லையென்றால் தொடப்போகும் நேரத்தில் புக்கிங் பட்டன் கீழே நழுவும்.

ஊட்டி: எந்தெந்த போனுக்கு பிரேக்பாயின்ட் (அமைப்பு மாறும் அகலம்) வைக்க வேண்டும்?

பதில்: எந்த போனுக்கும் வேண்டாம். 320 பிக்சலில் தொடங்கி ஜன்னலை மெல்ல இழுத்து அகலமாக்குங்கள். வரி படிக்க முடியாத அளவுக்கு நீளும் இடம் எதுவோ, அங்கே வையுங்கள். அறை கார்டுகளுக்கு கிரிட்டில் (கட்டங்களாக அடுக்கும் முறை) ஆட்டோ-ஃபிட், குறைந்தபட்சம் 260 பிக்சல் என்று கொடுத்தால் அவை தாமாகவே மடங்கும்.

கோத்தகிரி: தமிழ்த் தலைப்பு கார்டைவிட்டு வெளியே ஓடுகிறது. எழுத்தின் மேலும் கீழும் வெட்டுப்படுகிறது.

பதில்: ஆங்கிலத்துக்கு மட்டும் செய்த டெம்ப்ளேட்களில் இது அடிக்கடி வரும். 'முன்பதிவுசெய்துகொள்ளலாம்' போன்ற சொல்லுக்கு நடுவில் இடைவெளி கிடையாது. ஓவர்ஃப்ளோ-ராப் என்பதற்கு எனிவேர் கொடுத்தால் சொல் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். லைன்-ஹைட் (வரி உயரம்) 1.2 'கீ', 'கூ' எழுத்துகளுக்குப் போதாது, 1.6 வையுங்கள். கார்டின் நிலையான உயரத்தைக் குறைந்தபட்ச உயரமாக மாற்றுங்கள். லெட்டர்-ஸ்பேசிங் (எழுத்துகளுக்கு நடுவே கூடுதல் இடைவெளி) இருந்தால் எடுத்துவிடுங்கள்.

குன்னூர்: நன்றி அக்கா, டேக்தான் இல்லை. இப்போது ஐபோனில் தேதிப் பெட்டியைத் தொட்டால் பக்கம் பெரிதாகிறது.

பதில்: பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருக்கும். 16 ஆக்குங்கள், நின்றுவிடும்.