இரண்டு வாரப் படிப்புப் பயணம்: கூட்டிப்போகிறவரிடம் கேளுங்கள்

வெளிநாட்டு மாணவர்களை மலையகத்துக்கு அழைத்து வருவதும் நம் கெம்பஸ் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவதும் என் வேலை. ஏஜென்சியின் போன் நம்பரைத் தவிர எதையும் கேளுங்கள்.

கண்டி, விரிவுரையாளர்: 14 மாணவர்களுடன் முதல்முறை ஜெர்மனி போகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பெயரிலிருந்து. சிரிக்காதீர்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், சிலருக்கு அப்பாவின் பெயரே மாறியிருக்கும். திருத்த எத்தனை தடவை பிரதேச செயலகம் ஏறி இறங்க வேண்டுமோ, யாருக்குத் தெரியும்? அது முடியாமல் டிக்கெட் போட்டு நான் ஒருமுறை பட்டிருக்கிறேன்; ஒரு பிள்ளையை விட்டுவிட்டுத்தான் கட்டுநாயக்க விமான நிலையம் போனோம். அப்புறம்தான் ஷெங்கன் விசா, அதாவது ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது கையில் இருக்க வேண்டும். மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. திரும்பும் நாளுக்கு அப்பாலும் 3 மாதம் கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும்.

பதுளை, மாணவி: மிஸ், ஷெங்கன் விசாவுக்கு எப்போது போட வேண்டும்?

மேலே இருக்கிறது, தங்கச்சி. பெயரைச் சரிபார்த்தீர்களா?

ஹட்டன், வழிகாட்டி: வெளிநாட்டுக் குழுவை ஜூலையில் கூட்டி வரலாமா?

வரலாம், ஆனால் உங்கள் பக்கம் தென்மேல் பருவமழை கொட்டும். அதே நேரம் பதுளை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்த காற்று. ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுவதும் அந்தக் காற்றில்தான். தங்குமிடத்தை அங்கே போடுங்கள். வருடக் கடைசியில் கதை மாறும்; மழை பதுளைப் பக்கம் திரும்பும். பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டம் மண்சரிவில் புதைந்தது 2014 ஒக்டோபர் 29இல். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் காலையில் வான் வண்டியை எடுக்காதீர்கள்.

நுவரெலியா, விரிவுரையாளர்: கொழுந்து எடுக்கும் அம்மாமாரோடு மாணவர்களைப் பேசவிடலாமா?

வேலை நேரத்தில் கூடாது. அரை மணி நேரம் பேச்சில் போனால் கொழுந்தின் நிறை குறையும், நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். உங்கள் மாணவர் எடுக்கிற படத்துக்கு அவர் சம்பளம் போகிறது. கையில் 100 ரூபாய் திணிப்பது அதைவிட மோசம். ஞாயிறு பின்னேரம் கோயிலடியில் உட்காருங்கள். பேராசிரியருக்குக் கொடுக்கிற வளவாளர் கொடுப்பனவை அந்த அம்மாவுக்கும் கொடுங்கள். அவரும் பாடம்தான் நடத்துகிறார்.

தலவாக்கலை, ஆசிரியர்: இப்படிக் கதவை அடைத்தால் எங்களை யார் பார்ப்பது? வருகிறவர்கள் மூன்று நாள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளின் பயமாவது போகும்.

சேர், மூன்று நாளில் அவர்கள் போய்விடுவார்கள். அடுத்த குழுவும் ‘உன் பெயர் என்ன’விலிருந்துதான் ஆரம்பிக்கும். பிள்ளைகள் அதே பதிலை எத்தனை தடவை சொல்வது?

தலவாக்கலை, ஆசிரியர்: கண்டியில் இருந்துகொண்டு சொல்வது லேசு. என் பாடசாலையில் ஆங்கிலத்துக்கு ஆளே இல்லை.

அது சுடுகிறது. நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான் சேர், அதனால்தான் பிடிவாதம். சரி, இப்படிச் செய்வோம்: வருடாவருடம் ஒரே பாடசாலை. என்ன பாடம் என்று நீங்கள் சொல்லுங்கள், வருகிறவர்கள் உங்களுக்கு உதவியாளர்கள். தினம் ஒரு மணி நேரம் உங்கள் பிள்ளைகள் அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கட்டும். ‘ழ’வில் அவர்கள் தடுமாறும்போது யார் பயப்படுகிறார்கள் என்று பார்ப்போம்.

பண்டாரவளை: சண்டைக்கு நடுவே ஒன்று. இரவில் யாருக்காவது மூச்சுத் திணறினால்?

1990க்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும். ஆனால் மலைப் பாதை. குழு வருவதற்கு முன்பே தங்குமிடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை இரவில் போய், எத்தனை நிமிடம் என்று பாருங்கள். ஒவ்வாமை, வழக்கமான மருந்து எல்லாவற்றையும் முன்னமே எழுதி வாங்குங்கள்.

மாத்தளை, மாணவர்: ஷெங்கன் விசா எத்தனை நாள் முன்...

தம்பி. மேலே. பெயர்.

தலவாக்கலை, ஆசிரியர்: ஒரு மணி நேரம் போதாது மிஸ், இரண்டு வேண்டும்.

ஒன்றரை. முதலாம் தவணையா, இரண்டாம் தவணையா என்று மட்டும் சொல்லுங்கள்.