மாடியில் பூத்தது பிரம்ம கமலமா?

கேள்வி: டீச்சர், போன மாதம் எங்கள் மாடித் தொட்டியில் பிரம்ம கமலம் பூத்தது. ராத்திரி பதினோரு மணிக்குத் தெருவே திரண்டு வந்து கற்பூரம் காட்டிக் கும்பிட்டது. கேதார்நாத் போய் வந்த என் நாத்தனார் மட்டும், "இது அது இல்லை அண்ணி" என்கிறாள். யார் சொல்வது சரி? அசல் செடிக்கு விதை கிடைத்தால் கடலூரில் வளருமா?
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: நாத்தனார் சொல்வதுதான் சரி. (எப்போதாவது அப்படியும் நடக்கும், வருத்தப்படாதீர்கள்.)

உங்கள் தொட்டியில் இருப்பது கள்ளி வகை. பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா. நிஷாகந்தி என்றும் சொல்வார்கள். இலை என்று நினைக்கிறோமே, அது தட்டையான தண்டு. ஒரு துண்டை மண்ணில் சொருகினால் வேர் விட்டுவிடும். அப்படித்தான் வீட்டுக்கு வீடு பரவியது. புதுச்சேரியில் என் வீட்டுச் செடியும் பக்கத்து வீட்டு மதில் தாண்டி வந்ததுதான்.

அசல் பிரம்ம கமலம் சூரியகாந்தி, சாமந்தி குடும்பம். உத்தராகண்டின் மாநில மலர். இமயமலையில் ஏறத்தாழ 3,700 மீட்டருக்கு மேலே, பாறையும் சரளையுமான சரிவுகளில் வளர்வது. முப்பது வருஷம் அதைப் புத்தகத்தைப் பார்த்தே பாடம் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு ஓர் ஆகஸ்டில் அங்கே காங்கரியா என்ற ஊரிலிருந்து ஹேம்குண்ட் ஏரிக்கு ஏறினேன். ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் முழங்கால் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டது. மூச்சு வாங்கி ஒரு பாறையில் உட்கார்ந்தால், பக்கத்து இடுக்கில் அந்தச் செடி! உண்மையைச் சொல்கிறேன், முதலில் ஏமாற்றம்தான். வெள்ளைத் தாமரையை எதிர்பார்த்துப் போனவளுக்கு, பட்டர் பேப்பரில் சுற்றிய பொட்டலம் மாதிரி வெளிறிய மஞ்சள் பச்சையில் ஏதோ நின்றது. குனிந்து மடலுக்குள் பார்த்தேன். கருஞ்சிவப்பும் ஊதாவுமாகக் குட்டிக் குட்டிப் பூக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. அவைதான் பூ. வெளியே தெரிவது இதழே இல்லை. வாழைப்பூவில் உரித்துப் போடுகிறோமே, அந்த மடலின் இனம். மெல்லியதாக இருப்பதால் வெயில் உள்ளே புகும், கதகதப்பு தங்கும். மழையில் மகரந்தமும் நனையாது. அந்தக் குளிரில் ஒரு பூவுக்குச் சொந்தமாகக் கண்ணாடி வீடு! வாசனை மட்டும் மல்லிகைபோல இருக்காது, மூக்கைத் துளைக்கும்.

கடலூரில் வளருமா? வளராது. வருஷத்தில் பாதி நாள் பனிக்கு அடியில் வேர்க்கிழங்காகத் தூங்கி, ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் பூத்து முடிக்கிற செடி அது. மார்கழிக்கே நாம் குல்லா தேடுகிறோம், அந்த மார்கழிகூட அதற்குக் கோடைதான். "அசல் இமயமலை விதை" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஒரு கண்காட்சியில் நானே பாக்கெட் வாங்கித் தொட்டியில் தூவினேன். தண்டுக்கீரை முளைத்தது. கூட்டு வைத்துவிட்டேன். அசல் செடி இமயமலையிலேயே அருகி வருகிறது. சாமிக்குப் படைக்கவும் விற்கவும் விதை முற்றுவதற்கு முன்பே பறித்துவிட்டால், அடுத்த செடி எங்கிருந்து வரும்?

கள்ளியை நன்றாகவே கவனியுங்கள். அரை நிழல் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். அடுத்த முறை பூக்கும்போது கற்பூரத்தை மட்டும் கொஞ்சம் தள்ளியே காட்டுங்கள். எப்படியும் விடிவதற்குள் வாடப் போகிற பூ, சூட்டில் இன்னும் முன்னாலேயே துவண்டுவிடும்.