டெஸ்க்டொப்பை விற்க வேண்டாம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

காரைதீவில் இருந்து எழுதுகிறேன். ஆறு வருடமாக வெப்சைட் செய்து கொடுப்பதுதான் தொழில். முதலில் வேர்ட்பிரஸ், இப்போது ரியாக்ட்டும். என் டெஸ்க்டொப் நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. அம்மாவை மட்டக்களப்பில் கிளினிக்குக்குக் கூட்டிப்போகத் தொடங்கியதிலிருந்து மாதத்தில் பாதி நாள் அங்கே அக்கா வீட்டில்தான் நிற்கிறேன், வேலை தேங்குகிறது. சீட்டுக் காசு கைக்கு வந்திருக்கிறது. டெஸ்க்டொப்பை விற்று அதையும் போட்டு கிராபிக்ஸ் கார்ட் உள்ள கேமிங் லெப்டொப் எடுக்கச் சொல்கிறார்கள் கூட்டாளிமார். ஒருவர் பாவித்த மேக்புக் எயார் என்கிறார். எதை எடுக்க?

ஒரு வாசகர், காரைதீவு

அன்புள்ள தம்பி,

அம்மாவுக்குச் சுகமாகட்டும்.

கடைக்குப் போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். எடிட்டர், குரோம், லோக்கல் சர்வர் எல்லாம் திறந்து மும்முரமாக இருக்கும் ஒரு நேரத்தில் டாஸ்க் மானேஜரைத் திறந்து பாருங்கள். நம் வேலையில் புரொசசர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். எழுதிய கோடை வெப்சைட்டாகத் தொகுக்கும் பில்ட் ஓடும்போதுதான் அதற்கு வேலை. நிரம்புவது ரேம். 8 ஜிபி உங்களுக்கு எப்போதோ முடிந்திருக்கும். 16 ஜிபிக்குக் குறைய எடுக்க வேண்டாம். சர்வர்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டொக்கர் பாவிப்பீர்களென்றால் 32 வரை கூட்ட இடமிருக்க வேண்டும்.

அந்த இடம் இருக்கிறதா என்பதைத்தான் நான் 2019இல் கேட்காமல் விட்டேன். மெல்லிசாக, அழகாக இருந்தது என்று 8 ஜிபியோடு ஒன்றை எடுத்தேன். ரேம் போர்டிலேயே ஒட்டி வந்திருந்தது. இரண்டு வருடத்தில் போதாமல் போனது, கூட்ட வழியில்லை, முழுதாக இன்னொன்று வாங்க வேண்டி வந்தது. அந்தக் காசை நினைத்தால் இன்றைக்கும் மனம் உறுத்துகிறது. ஆகவே மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து, ரேம் ஸ்லொட் தனியாக உண்டா என்று வீட்டில் இருந்து தேடிப் பாருங்கள். கடையில் நின்று முடிவெடுக்க வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்ட் உங்கள் வேலைக்குத் தேவையில்லை. அது பாரத்தையும் சூட்டையும்தான் கூட்டும். பற்றரியும் சீக்கிரம் இறங்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம் வீடுகள் இருக்கிற சூட்டுக்கு இன்னொரு அடுப்பு எதற்கு? மேக்புக்கில் ஒரு நன்மை உண்டு: ஆப்பிளின் பிரவுசரான சபாரியில் உங்கள் பக்கம் எப்படித் தெரிகிறது என்று அதிலேயே பார்க்கலாம். ஆனால் இன்டெல் சிப்போடு வந்த எயார்களுக்கு இப்போது புதிய மேக்ஓஎஸ் கிடைப்பதில்லை. எடுத்தால் ஆப்பிளின் சொந்தச் சிப்போடு 2020 கடைசியில் வந்த எம்1, அல்லது அதற்குப் பிந்தியது. அதிலும் 16 ஜிபி உள்ளதாகவே தேடுங்கள், பிறகு கூட்ட முடியாது.

திரை 14 அங்குலம் போதும். 1920×1200 கிடைத்தால் நல்லது. வழக்கமான 1920×1080ஐ விட ஐந்தாறு வரி கோட் கூடத் தெரியும். நாள் முழுக்க வாசிக்கிறவனுக்கு அது பெரிய உதவி.

இனித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. டெஸ்க்டொப்பை விற்காதீர்கள். டெஸ்க்டொப்பில் கீபோர்ட் பழுதானால் கீபோர்டை மட்டும் மாற்றுவோம். லெப்டொப்பில் கீபோர்ட் பழுதென்றாலும் முழு லெப்டொப்பும் திருத்தப் போகும். வாரண்டி வேலை கொழும்பில்தான் என்றால் போய்த் திரும்ப ஒரு கிழமை, இரண்டு கிழமை ஆகும். அத்தனை நாளும் வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில், உப்புக்காற்றில் இருந்து வேலை செய்கிறவன் நான். மெஷின் பழுதாகும் என்று எண்ணித்தான் ஆயத்தம் செய்ய வேண்டும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. உங்கள் புரொசசர் விண்டோஸ் 11க்கான பட்டியலிலும் இல்லை. அதனால் விற்கப் போனாலும் பெரிய விலை வராது. அதில் விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டு வையுங்கள். வேலையெல்லாம் கிட் (Git) மூலம் ஒன்லைனில் ஏற்றி இருந்தால், லெப்டொப் கொழும்புக்குப் போன அன்றே அந்த மேசையில் இருந்து தொடரலாம். மற்ற நாட்களில் மொனிட்டரையும் கீபோர்டையும் லெப்டொப்போடு கொழுவி வேலை செய்யுங்கள். லெப்டொப்பைக் குனிந்து பார்த்தே வேலை செய்தால் கழுத்துப் போய்விடும் தம்பி, அதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

மேசையில் எந்நேரமும் சார்ஜரோடு கிடக்கப் போகிறபடியால், சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கிற மாதிரி செட் பண்ணுங்கள். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் பற்றரி சீக்கிரம் தேயும். மின்வெட்டில் லெப்டொப் நிற்காது, ஆனால் ரவுட்டர் நின்றுவிடும். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் போன காலத்தில் ரவுட்டருக்கென்று வாங்கிய மினி யூபிஎஸ் இன்னும் என் வீட்டில் ஓடுகிறது. அக்கா வீட்டுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

மாரி மழையில் கல்முனை பஸ்ஸில் வரப்போகிறீர்கள், பைக்கு ஒரு மழை உறையும் வேண்டும்.

டாஸ்க் மானேஜரில் பார்த்த கணக்கை எழுதி அனுப்புங்கள். மாடலை அதற்குப் பிறகு பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணா