“இது யுஎன்சி இல்லை, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்” – பழைய காசு விற்பவருக்கு ஒரு பதில்

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே, மாலை நேரத்தில் பழைய நாணயங்களை ஆன்லைனில் விற்கிறேன். இரண்டு வருடமாக மாதம் பதினைந்து, இருபது பார்சல் போகிறது. போன வாரம் 1947-ஆம் வருட ஒரு ரூபாய் (புலி போட்டது) ஒன்றை யுஎன்சி (புழக்கத்துக்கே வராத காசு) என்று எழுதி 1,850 ரூபாய்க்கு விற்றேன். கையில் கிடைத்து ஆறாவது நாள் வாங்கியவர், “இது யுஎன்சி இல்லை, ராஜா கன்னத்தில் தேய்மானம் இருக்கிறது, முழுப் பணமும் வேண்டும்” என்று மெசேஜ் போட்டிருக்கிறார். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பதிவிலேயே போட்டிருந்தேன். திருப்பி எடுத்தால் அவரிடம் ஏற்கெனவே இருக்கும் தேய்ந்த காசை எனக்கு அனுப்பிவிடுவாரோ என்றும் பயமாக இருக்கிறது. இரண்டு நாளாகப் பதில் போடவில்லை. என்ன செய்வது? – ஒரு வாசகர், கரூர்

பதில்: முதலில் அந்த இரண்டு நாள் மௌனத்தைக் கலையுங்கள். “உங்கள் மெசேஜைப் பார்த்தேன். காசின் இரண்டு பக்கமும், நீங்கள் சொல்லும் இடமும் தெரியும்படி படம் அனுப்புங்கள். பார்த்துவிட்டு நாளைக்குள் பதில் சொல்கிறேன்” என்று இன்றே அனுப்புங்கள். வாதம் எதுவும் வேண்டாம். திருப்பித் தருவது பற்றிய தகராறுகளில் பாதி, விற்றவர் பதில் பேசாமல் இருப்பதால்தான் பெரிதாகின்றன. பணம் போய்விட்டதோ என்ற பயம் வந்துவிட்டால், எப்பேர்ப்பட்ட நல்ல வாடிக்கையாளரும் கோபக்காரராகிவிடுவார்.

அடுத்து, உங்கள் ‘திரும்பப் பெறப்படாது’ வரி. அது உங்களைக் காப்பாற்றாது. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் ஆன்லைனில் தொடர்ந்து வியாபாரமாக விற்பவர்களுக்காக வந்தவை. எப்போதோ ஒருமுறை வீட்டுப் பொருளை விற்பவரை அவை தொடாது. மாதம் இருபது பார்சல் அனுப்பும் நீங்கள் அந்த ரகம் இல்லை. பொருள் குறையுள்ளதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால் திருப்பி எடுக்கவும் பணம் தரவும் மறுக்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் ‘கிடைத்தது’ என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. ‘மனசு மாறிவிட்டது, வேண்டாம்’ என்பவருக்குப் பணம் தர வேண்டும் என்று இந்த விதிகளில் பொதுவான கட்டாயம் இல்லை. அங்கே உங்கள் வரி நிற்கும். உங்கள் வழக்கு அது இல்லை. அவர் சொல்வது ‘நீங்கள் எழுதியது இது இல்லை’ என்பது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அவர் ஒரு போன் போட்டால் நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆக, இப்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தக் காசு உண்மையிலேயே யுஎன்சியா?

இந்த 1947 ரூபாய் சுத்த நிக்கல். போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பித் தர வேண்டியிருந்ததால், வெள்ளியை விட்டு நிக்கலுக்கு மாறினார்கள். எடை பழைய ரூபாயின் அதே 11.66 கிராம். காந்தத்தில் ஒட்டும். நிக்கல் கடினமான உலோகம் என்பதால், கொஞ்சம் புழங்கிய காசுகூட முதல் பார்வைக்குப் புதுசு போலவே இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். ஒரு டேபிள் விளக்கின் கீழே காசை விளிம்பில் பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். புழங்காத காசில் வெளிச்சம் சைக்கிள் சக்கரத்தின் கம்பி சுற்றுவது போல முழுதாக ஒரு சுற்று சுற்றும். புழங்கிய காசில் அந்தச் சுற்று ராஜாவின் கன்னத்திலும், காதுக்கு மேல் முடியிலும், பின்பக்கம் புலியின் தோளிலும் வந்து அறுந்துவிடும். அந்த இடம் மட்டும் செத்த சாம்பல் நிறத்தில் தட்டையாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அது ஏயு (லேசாக மட்டும் புழங்கியது, யுஎன்சிக்கு ஒரு படி கீழே), யுஎன்சி இல்லை. மாறாக, சின்னச் சின்ன வெட்டுக் கோடுகள் மட்டும் இருந்து பளபளப்பு அறுபடாமல் இருந்தால், அவை நாணயச்சாலைப் பையில் காசோடு காசு உரசி விழுந்த தழும்புகள். யுஎன்சி காசில் அவை இருக்கலாம். புதிதாகச் சேகரிப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். உங்கள் வாடிக்கையாளரும் குழப்பியிருக்கலாம். பொறுமையாகப் படத்தில் வட்டம் போட்டு விளக்குங்கள். நான் அப்படி விளக்கியதில் சிலர் காசை வைத்துக்கொண்டதோடு, அடுத்த காசும் வாங்கியிருக்கிறார்கள்.

ஆனால் அவர் அனுப்பும் படத்திலும் உங்கள் பழைய படத்திலும் கன்னம் சாம்பலாக இருந்தால், தவறு நம்முடையது. முழுப் பணம், அவர் திருப்பி அனுப்பும் தபால் செலவு, இரண்டையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அவருக்கு அந்தக் காசு பிடித்திருந்தால், “வைத்துக்கொள்கிறீர்களா, ஏயு விலைக்கு உண்டான வித்தியாசத்தைத் திருப்பித் தருகிறேன்” என்று ஒருமுறை கேட்கலாம். வற்புறுத்தக் கூடாது.

சரி, காசு மாற்றி வந்துவிட்டால்? இந்தப் பயம் நியாயமானது. 1947 ரூபாய் தேய்ந்த நிலையில் ஏராளமாகக் கிடைக்கும். அதில் ஒன்றை வைத்து அனுப்புவது கஷ்டமில்லை. அதனால்தான் காசு வருவதற்கு முன்னாலேயே, நீங்கள் விற்பனைக்குப் போட்ட படத்தைப் பெரிதாக்கி அதில் மூன்று அடையாளங்களைக் குறித்து வையுங்கள். விளிம்பில் ஒரு பள்ளம், புலிக்குக் கீழே ஒரு கீறல், எழுத்துக்கு நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, இப்படி ஏதாவது. எந்த இரண்டு காசுக்கும் இவை ஒன்றாக இருக்காது. பார்சல் வந்ததும் கவரின் முகவரி தெரிவதில் தொடங்கி, பிரித்து, காசை வெளியே எடுத்து, தராசில் வைப்பது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். மூன்று அடையாளமும் பொருந்தினால் அன்றைக்கே பணத்தை அனுப்புங்கள். பொருந்தவில்லை என்றால், இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பி, “இது நான் அனுப்பிய காசு இல்லை, என் காசை அனுப்பினால் பணம் தருகிறேன்” என்று ஒரே வரியில் சொல்லுங்கள். திருட்டு, ஏமாற்று என்ற வார்த்தைகள் வேண்டாம். நாலைந்து காசு வைத்திருப்பவர் கைமறதியாக மாற்றி வைத்ததும் உண்டு.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்றை விற்றிருந்தேன். பல வருடம் பெட்டியில் கிடந்து, விளிம்பில் நீலமும் நடுவில் இளம் தேன் நிறமுமாக இயற்கையாக நிறம் ஏறிய அழகான காசு. பத்து நாள் கழித்து, “படத்தில் இருந்த நிறம் இல்லை” என்று திரும்பி வந்தது. கவரைப் பிரித்தால், பாத்திரக் கடையில் இருந்து வந்தது போல வெள்ளை வெளேர் என்று இருந்தது. லூப்பை (சின்னப் பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தேன். எழுத்துகளின் இடுக்கில் வெள்ளைத் தூள், ராஜாவின் முகம் முழுக்க ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள். வெள்ளி விளக்கைத் தேய்ப்பது போல விபூதி போட்டுத் தேய்த்திருந்தார்கள். வீட்டில் யாரோ நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் சேகரிப்பாளருக்கு அந்தக் காசு செத்துவிட்டது. போன நிறம் எதனாலும் திரும்பாது. நான் அனுப்பும்போது நெருக்கமான படம் எடுத்து வைத்திருக்கவில்லை. ‘இந்தக் கோடுகள் முன்னால் இல்லை’ என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லாததால் முழுப் பணத்தையும் கொடுத்தேன். காசை வெள்ளி விலைக்குத்தான் தள்ள முடிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காசு கவரின் வாயிலும் தேதி எழுதிய ஒரு சின்னக் காகித ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். கவருக்குள்ளேயே வைத்து இரண்டு பக்கமும் பார்க்கலாம். ஸ்டிக்கர் கிழியாமல் வந்தால் ஏழு நாளுக்குள் எந்தக் காரணத்துக்கும் திருப்பி எடுக்கிறேன், மனசு மாறினாலும் சரி. அப்போது தபால் செலவு மட்டும் அவருடையது. கூடவே ஒரு துண்டுச் சீட்டும் வைக்கிறேன்: “தயவுசெய்து புளி, விபூதி, பற்பசை, எலுமிச்சை எதையும் போட்டுத் தேய்க்க வேண்டாம்.” கவரையும் பார்த்து வாங்குங்கள். மலிவான பிவிசி கவரில் நாளாக ஆக, காசில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும். அப்புறம் அதுவே ஒரு புகாராக வந்து நிற்கும்.

போலி என்று சொல்லித் திரும்பி வரும் காசுக்கு மட்டும் ஏழு நாள், ஸ்டிக்கர் என்று எந்தக் கணக்கும் பார்க்கக் கூடாது. காசு நீங்கள் அனுப்பியதுதான், அது போலிதான் என்று உறுதியானால், ஒரு வருடம் கழித்து வந்தாலும் பணம் கொடுங்கள். 1939 வெள்ளி ரூபாய் அரிது, அதனால் போலி அதிகம். சிறு விற்பனையாளர்கள் இதில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். வார்ப்பில் செய்த போலியை வீட்டிலேயே பிடிக்கலாம். 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 11.66 கிராம் எடையுள்ள 91.7 சதவீத வெள்ளிக் காசு என்றால் தராசு 1.13 கிராம் அளவில் காட்டும். 1.3-க்கு மேல் போனால் கலப்படம்தான். ஆனால் உண்மையான 1938 காசில் 8-ஐச் செதுக்கி 9 ஆக்கியதை இந்தச் சோதனை பிடிக்காது, வெள்ளி உண்மை அல்லவா. அதற்கு லூப்பில் அந்தக் கடைசி எண்ணைச் சுற்றிச் சுரண்டிய தடம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். போலி என்று தெரிந்த பிறகு அதை ‘உள்ளது உள்ளபடி’ என்று போட்டு இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள்.

பணத்தைத் திருப்பும்போது ஒரு எச்சரிக்கை. எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். “இது என் தம்பி நம்பர், இதற்குப் போடுங்கள்” என்றால் மறுத்துவிடுங்கள். பிறகு முதல் ஆள் வந்து பணம் வரவில்லை என்பார். விற்பனைத் தளம் வழியாக விற்றிருந்தால் எல்லாப் பேச்சும் அந்தத் தளத்துக்குள்ளேயே நடக்கட்டும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் கிரெடிட் நோட் போட மறக்காதீர்கள்.

இனி போடப்போகும் காசுகளுக்கு, வெறும் ‘யுஎன்சி’ என்று மட்டும் எழுதாதீர்கள். “கன்னத்தில் லேசான தேய்மானம், இடது விளிம்பில் சின்னப் பள்ளம், பின்பக்கம் பளபளப்பு நன்றாக இருக்கிறது” என்று கண்ணால் பார்ப்பதை எழுதுங்கள். படத்தைக் காலை வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். நேராக ஃபிளாஷ் அடித்தால் கீறல் மறைந்துவிடும். உங்களுக்கு வந்த இந்தப் புகாருக்கும் அப்படி ஒரு படம் காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். குறையைச் சொன்னால் விற்காது என்று நினைக்க வேண்டாம். குறையைப் படத்தில் பார்த்து வாங்கியவர், அதே குறைக்காகத் திருப்பி அனுப்ப மாட்டார்.

அந்த 1947 காசு திரும்பி வந்தால், விளக்கின் கீழே நீங்களே ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். கன்னம் சாம்பலாக இருந்தால் ஏயு என்று எழுதி, அந்தச் சாம்பல் தெரியும்படி புதிய படம் எடுத்து, அதற்குண்டான விலையில் மறுபடி போடுங்கள்.