ஆயில் மாற்றிய பிறகும் குளிரூட்டும் (ரெஃப்ரிஜரேஷன்) கம்ப்ரசர் ‘ஆயில் பிரஷர் குறைவு’ என்று டிரிப் ஆவது (தானாக நின்றுவிடுவது) ஏன்?

பம்பைக் கழற்றும் முன் கிராங்க்கேஸ் (கம்ப்ரசரின் அடியில் ஆயில் தேங்கும் பகுதி) சைட் கிளாஸை, அதாவது ஆயில் தெரியும் கண்ணாடியைப் பாருங்கள். ஆயில் நுரைத்துப் பொங்கி, கம்ப்ரசர் அடிப்பகுதியிலும் பனி படிந்திருந்தால், பெரும்பாலும் திரவ நிலையிலேயே கேஸ் (ரெஃப்ரிஜரன்ட்) திரும்பி வந்து ஆயிலை நீர்க்கச் செய்கிறது. சக்‌ஷன் பைப்பின் (கம்ப்ரசருக்குக் கேஸ் திரும்பும் பைப்) வெப்பநிலையிலிருந்து, சக்‌ஷன் பிரஷருக்குரிய கொதிநிலையைக் கழியுங்கள். அதுதான் சூப்பர்ஹீட். பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் திரவம் திரும்பி வருகிறது என்று பொருள்; எக்ஸ்பான்ஷன் வால்வின் (காயிலுக்குள் கேஸை அளந்துவிடும் வால்வு) வெப்பம் உணரும் பல்பு பைப்பை விட்டு விலகியிருக்கிறதா, குளிர்விக்கும் காயிலில் ஐஸ் அடைத்திருக்கிறதா, ஃபேன் ஓடுகிறதா என்று தேடுங்கள்.

ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் நுரைத்தால் கம்ப்ரசர் நிற்கும்போது ஆயிலைச் சூடாக வைக்கும் கிராங்க்கேஸ் ஹீட்டரைச் சோதியுங்கள்.

நுரையே இல்லை, ஆயில் மட்டமும் சரி என்றால், அப்புறம் ஆயில் ஃபில்டர், ஆயில் பம்ப், பேரிங் தேய்மானம் ஆகியவற்றைப் பாருங்கள். ஆயில் பிரஷர் கேஜ் காட்டும் அளவிலிருந்து கிராங்க்கேஸ் பிரஷரைக் கழித்தால்தான் உண்மையான ஆயில் பிரஷர். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

காரணம் தெரியாமல் ரீசெட் அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், பேரிங் போய்விடும்.